லேப்டாப் வாங்கும் வணிகர் கவனத்திற்கு: எடையா, வேகமா?



சிட்டாவும் பேரேடும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்பும் சரக்குக்கும் இ-வே பில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிறு வணிகர்கூடக் கம்ப்யூட்டர் இல்லாமல் கணக்கு முடிப்பது கடினம் என்ற நிலை உண்டாகிவிட்டது.

இன்று நம்மில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கையில் எடுத்துக்கொண்டு போகிறாற்போல லேசான லேப்டாப் வாங்கலாமா? அல்லது கொஞ்சம் கனமானாலும் வேகமாக வேலை செய்வதை வாங்கலாமா?" ஐம்பதாயிரம் ரூபாய் என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சாதாரணத் தொகை அல்ல. பல மளிகைக் கடைகளுக்கு அது ஒரு லோடு சரக்கின் முதல். அதைப் பளபளப்பைப் பார்த்துப் போடாமல், கணக்குப் பார்த்துப் போட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

லேசு என்றால் எதை விடுகிறோம்?

எடைக்கும் வேகத்துக்கும் உள்ள இழுபறி புதியதல்ல. 1981-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 என்பதுதான் பரவலாக விற்ற முதல் 'தூக்கிச் செல்லும்' கம்ப்யூட்டர். அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ. பேட்டரி கிடையாது. திரை 5 அங்குலம்தான். பெயர்தான் தூக்கிச் செல்வது; போன இடத்தில் மின்சாரம் இருந்தால்தான் ஓடும்.

2007-இல் தைவான் நாட்டு ஆசுஸ் நிறுவனம் 'ஈ பி.சி.' என்ற பெயரில் ஒரு கிலோவுக்கும் குறைந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. திரை 7 அங்குலம். சேமிப்பு இடம் சில ஜி.பி. மட்டுமே. தூக்க லேசாக இருந்தது. உட்கார்ந்து வேலை செய்யச் சிரமமாக இருந்தது. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் 1.36 கிலோவில் வந்தது. மெல்லியதாக்குவதற்காக அதில் யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான் வைத்தார்கள். நெட்வொர்க் கேபிள் செருகும் இடமே இல்லை.

இதில் ஓர் உண்மை தெரிகிறது. எடையைக் குறைக்கும்போது வேறு எதையாவது குறைத்தே ஆக வேண்டும். திரையின் அளவு, செருகும் துளைகள், பேட்டரி, காற்றாடி, பின்னால் பாகம் சேர்க்கும் வசதி ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ போகும். இவற்றில் நமக்குத் தேவைப்படாதது போனால் நட்டமில்லை. தேவைப்படுவது போனால் பணம் வீண். எது தேவை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வாங்குபவர், விற்பவர் அல்ல.

மெல்லிய இயந்திரம் ஏன் வேகம் குறைகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றக் காற்றாடியும் உலோகத் தகடும் வேண்டும். மெல்லிய உடம்பில் அவற்றுக்கு இடம் குறைவு. சூடு ஓர் அளவைத் தாண்டினால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கடையில் ஏ.சி. அறையில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டும் வேகம், நம் கோடவுனில் சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு இருக்காது. பல லேப்டாப்புகளுக்குத் தயாரிப்பாளர்களே குறிப்பிடும் வெளிவெப்ப வரம்பு 35 டிகிரி. நம் வட்டாரத்தில் கோடையில் அதைத் தாண்டாத நாள் குறைவு என்பது அனைவரும் அறிந்ததே.

முதலில் தராசில் வையுங்கள்

விளம்பரத்தில் 1.2 கிலோ என்று போட்டிருக்கும். அது லேப்டாப்பின் நிகர எடை. நாம் தூக்கப் போவது மொத்த எடை. சாக்கு எடையை மறந்து சரக்கு வாங்குகிறவர் உண்டா? இதிலும் அப்படித்தான்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 1.2 கிலோ எடையுள்ள லேசான லேப்டாப். அதன் சார்ஜர் 300 கிராம், மவுஸ் 100 கிராம். துளைகள் போதாததால் தனியாக வாங்கும் யு.எஸ்.பி. ஹப் 100 கிராம். சிறிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் வலது பக்க எண் பலகை இருக்காது. தொகை அடிப்பவருக்கு அது இல்லாமல் முடியாது என்பதால் தனியாக வாங்கும் எண் பலகை 100 கிராம். ஆக மொத்தம் 1.8 கிலோ.

இதோடு ஒப்பிட, 15.6 அங்குலத் திரையும் எண் பலகையும் தேவையான துளைகளும் உள்ள லேப்டாப் 1.7 கிலோ. சார்ஜர் 350 கிராம், மவுஸ் 100 கிராம். ஆக 2.15 கிலோ. விளம்பரத்தில் அரை கிலோவாகத் தெரிந்த வித்தியாசம், பையில் 350 கிராமாகச் சுருங்கிவிட்டது. அந்த 350 கிராமுக்கு எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. வாங்கும் முன் லேப்டாப்பையும் அதனுடன் எடுத்துச் செல்லும் சாமான் முழுவதையும் சேர்த்து எடை பார்த்துவிடுவது உத்தமம்.

வேகம் என்பது எதில் இருக்கிறது?

நாம் செய்யும் வேலை என்ன? டாலி போன்ற கணக்கு மென்பொருள், பில் போடுதல், ஜி.எஸ்.டி. இணையதளம், எக்செல், வாட்ஸ்அப். இதற்குப் படம் தயாரிப்பவரும் கேம் விளையாடுபவரும் வாங்கும் இயந்திரம் தேவையில்லை. கால் கிலோ வெங்காயம் நிறுக்க லாரி எடை மேடை எதற்கு?

இன்டெல் பிராசஸர் பெயர்களில் கடைசியில் 'யூ' என்ற எழுத்து உள்ளவை குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை. 'எச்' என்று உள்ளவை அதிக மின்சாரம் எடுத்து அதிக வேகம் தருபவை. கணக்கு வேலைக்கு 'யூ' வகை தாராளம். ஆனால் விலை குறைவு என்பதற்காகச் செலரான் போன்ற மிகக் கீழ்நிலைப் பிராசஸர் வாங்கினால், இணையதளத்தில் நாலு பக்கம் திறந்தாலே திணறும்.

உண்மையில் நாம் உணரும் வேகம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சேமிப்பு. பழைய லேப்டாப்புகளில் சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் இருக்கும். இப்போது வருவது எஸ்.எஸ்.டி.; அதில் சுழலும் பாகம் கிடையாது. திறக்கும் வேகத்தில் இரண்டுக்கும் மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம். இரு சக்கர வண்டியில் கொண்டுபோகிறவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: குலுங்கலில் ஹார்டு டிஸ்க் கெடும் அபாயம் அதிகம், எஸ்.எஸ்.டி.க்கு அந்தப் பயம் குறைவு. 64 ஜி.பி. மட்டும் உள்ள மலிவு லேப்டாப்புகளை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸின் புதுப்பிப்புகளே அந்த இடத்தை அடைத்துவிடும்.

இரண்டாவது ரேம். 8 ஜி.பி. என்பது குறைந்தபட்சம். ஐந்தாறு வருடம் ஓட வேண்டுமானால் 16 ஜி.பி. நல்லது.

மூன்று வகை வணிகர், மூன்று வகைத் தேவை

முதலாவது, கடையை விட்டு நகராத மளிகைக் கடைக்காரர். பெரம்பலூர் கடைவீதியில் கல்லாவில் அமர்ந்து பில் போடுபவருக்கு லேசான லேப்டாப் என்பது வீண் செலவு. வாரத்தில் ஒரு நாள்கூட அது மேஜையை விட்டு எழுந்திருக்காது. இவருக்கு மேஜைக் கம்ப்யூட்டர் போதும்; அதே விலையில் பெரிய திரையும் கூடுதல் வேகமும் கிடைக்கும், பழுதானால் பாகம் மாற்றுவதும் சுலபம். லேப்டாப்தான் வேண்டும் என்றால் 15.6 அங்குலம் வாங்கலாம். அதில் ஒரு வசதி, மின்சாரம் நின்றாலும் பாதி பில்லில் அணையாது. 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, ஊர் ஊராகப் போய்க் கொள்முதல் செய்பவர். ஆலத்தூர் வட்டத்தில் செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் வாங்குபவர்கள் காலையில் வண்டி எடுத்தால் இரவுதான் வீடு திரும்புகிறார்கள். இவர்களுக்குத்தான் எடை உண்மையான செலவு. ஆனால் எடையைவிடவும் முக்கியமானவை இரண்டு. முதலாவது பேட்டரி. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். 50 வாட்-மணி பேட்டரியும், வேலையின்போது 8 வாட் செலவும் என்றால் ஆறு மணி நேரம் வரும். விளம்பரத்தில் பதினைந்து மணி என்று இருந்தால், அது திரை வெளிச்சத்தைக் குறைத்துப் படம் ஓட்டிப் பார்த்த கணக்காகவே பெரும்பாலும் இருக்கும். மேலும் முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு வந்துவிடும். இன்றைய தேவைக்குச் சரியாக வாங்கினால் இரண்டு வருடத்தில் பற்றாது.

அடுத்தது திரை வெளிச்சம். இதை நிட்ஸ் என்று அளக்கிறார்கள். மலிவான லேப்டாப்புகளில் 250 நிட்ஸ் இருக்கும். பட்டறை வாசலில் வெயிலில் வைத்தால் எழுத்தே தெரியாது. வெளியில் வேலை செய்பவர் 400 நிட்ஸ் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வகை வணிகர் ஒன்றையும் யோசிக்கலாம். களத்தில் செய்யும் வேலை எடைச் சீட்டு எழுதுவதும் பணம் அனுப்புவதும் இ-வே பில் போடுவதும் மட்டுமென்றால், நல்ல செல்போன் போதும். கணக்கை இரவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ளலாம். அப்போது லேசான லேப்டாப்புக்கான செலவே மிச்சம்.

மூன்றாவது, கடைக்கும் கோடவுனுக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் அலைபவர். அரியலூரில் சிமெண்ட், இரும்பு மொத்த வியாபாரம் செய்வோரும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி வியாபாரம் செய்வோரும் பெரும்பாலும் இந்த வகை. இவர்களுக்கு நடுத்தரமான 14 அங்குலம், 1.4 அல்லது 1.5 கிலோ பொருத்தமாக இருக்கும். அரியலூரிலிருந்து ரயிலேறிச் சென்னை போய் வரும்போதும் பாரமாக இருக்காது. கோடவுனில் அமர்ந்து ஒரு மணி நேரம் வேலை செய்யவும் கண் வலிக்காது.

அரியலூர் வணிகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது தூசி. சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரக் கடையில், லேப்டாப்பின் காற்றாடி அந்தத் தூசியை உள்ளே இழுக்கும். வெங்காயச் சருகும் மக்காச்சோளத் தூசியும் அப்படித்தான். காற்றுவழி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் வேகம் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால் பாதிச் சிக்கல் தீரும். சாக்கின் மேலும் துணியின் மேலும் வைத்து ஓட்டக் கூடாது. காற்றாடியே இல்லாத லேப்டாப்புகளும் உண்டு. தூசிக்கு அவை நல்லவை. ஆனால் நீண்ட நேரம் கடும் வேலை கொடுத்தால் வேகம் தணியும்.

பின்னால் சேர்க்க முடியாததை முன்னால் வாங்குங்கள்

லேசான லேப்டாப் வாங்குபவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் விதி இதுதான். பழைய கனமான லேப்டாப்பில் பின்பக்கம் திருகாணியைக் கழற்றி ரேம் கூட்டலாம். பல மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான். மவுஸ், எண் பலகை, பை, வெளிச் சேமிப்பு ஆகியவற்றை அடுத்த வருடம் லாபம் வந்ததும் வாங்கலாம். ரேம், பிராசஸர், திரை வெளிச்சம், துளைகளின் எண்ணிக்கை இவை நான்கும் வாங்கும் அன்றோடு முடிந்துபோன விஷயம். கையிலிருக்கும் பணம் அளவானது என்றால், முதலில் இவற்றுக்குச் செலவிடுங்கள். எடை நூறு கிராம் கூடினாலும் பாதகமில்லை.

நம் சாமான்களோடு ஒத்துப்போகுமா?

கடையில் ஏற்கனவே உள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், எலக்ட்ரானிக் தராசு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றைப் புதிய லேப்டாப்போடு இணைக்க முடியுமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய தராசுகள் பலவற்றில் உள்ள சீரியல் துளை இன்றைய லேப்டாப்புகளில் இல்லை. தனி இணைப்பான் வேண்டும்.

2024 முதல் ஸ்னாப்டிராகன் பிராசஸர் கொண்ட புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் சந்தைக்கு வந்துள்ளன. லேசானவை, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும். ஆனால் அவை ஆர்ம் என்ற வேறு வகை அமைப்பில் ஓடுபவை. பழைய பிரிண்டர், கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர் மென்பொருள் அந்த வகைக்கென்று தயாரிக்கப்படாவிட்டால் அவை வேலை செய்யாது. மேக்புக் இன்று மிக நல்ல லேசான லேப்டாப்தான். ஆனால் டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. குரோம்புக்கிலும் அதை நேரடியாகப் போட முடியாது. விலை மலிவு, எடை குறைவு என்பதற்காக இவற்றை வாங்கிவிட்டுக் கணக்கு மென்பொருளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடையில் ஒன்று, கையில் ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர் வைப்போர், டாலியின் ஒற்றைப் பயனர் உரிமம் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓடாது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த லேசான லேப்டாப்புகள் திருச்சியிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உறுதியான கட்டமைப்பு உள்ளவை, தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தியதோ என்றால், எவ்வளவு மலிவானாலும் வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கும் லேப்டாப்பாக அதை வைக்காதீர்கள்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற தொடக்கக் கால லேப்டாப்புகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றுக்கும் இதே நிலைதான்.

வரிக் கணக்கு

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 50,000 ரூபாய் அடக்க விலை என்றால் வரி 9,000, ஆக 59,000. வரி உள்ள சரக்கை விற்கும் சாதாரணப் பதிவுதாரர், தன் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால் இந்த 9,000 ரூபாயை உள்ளீட்டு வரிவரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் உள்ளவர்களுக்கு அது கிடையாது. உலர்த்தாத வெங்காயத்துக்கு வரி இல்லை என்பதால், வெங்காயம் மட்டுமே விற்பவருக்கும் அது கிடைக்காது. ஆகவே ஒரே லேப்டாப், அரியலூர் சிமெண்ட் வியாபாரிக்கு 50,000. செட்டிகுளம் வெங்காய வியாபாரிக்கு 59,000. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய விலையை வைத்து நாம் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

முடிவு செய்யும் முன்

கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை நாள் கம்ப்யூட்டரைக் கடைக்கு வெளியே கொண்டுபோக நேர்ந்தது? ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும்.

1. மாதம் இரண்டு நாளுக்குக் குறைவு: எடையைப் பார்க்க வேண்டாம். பெரிய திரை, எண் பலகை, வேகம் பாருங்கள்.

2. வாரம் ஓரிரு நாள்: 14 அங்குலம், 1.5 கிலோவுக்குள், 16 ஜி.பி. ரேம்.

3. தினமும்: லேசானது; ஆனால் பேட்டரி, திரை வெளிச்சம், ரேம் மூன்றையும் எடைக்கு முன் பாருங்கள். வேகமான பிராசஸருக்குக் கூடுதல் பணம் வேண்டாம்.

4. எந்த வகையானாலும்: உங்கள் பிரிண்டரையும் டோக்கனையும் எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண் போடச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் மையம் பெரம்பலூரிலா, அரியலூரிலா, திருச்சிக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

5. வாங்கிய நாள் முதல் கணக்கின் நகலை வெளிச் சேமிப்பில் வாரந்தோறும் எடுத்து வையுங்கள். லேசான பொருள் கையோடு போவது போலவே, கை தவறியும் போகும். லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். வராக்கடன் பட்டியல் போனால் யாரிடம் போய் எவ்வளவு என்று கேட்பது?